கூரை உயரத் திருடன்

"உங்க புருஷனுக்கு எதிரா பொலிஸ்ல சாட்சி சொன்னது யாருங்க?" என்று கேட்டாள் சுதர்ஷினி.

"நான்தாங்க டீச்சரம்மா," என்றாள் மீனம்மா.

நல்லமுத்து குடித்துக்கொண்டிருந்த பிளேன்டீ பாதி வழியில் திரும்பி மூக்கு வழியாக வந்தது.

நுவரெலியா சந்தைக்குப் பின்னால், ஒரு சலூனின் மேல்மாடியில் இருந்தது அந்தத் துப்பறியும் நிலையம். 'கீழே முடி வெட்டுவோம், மேலே முடிச்சு அவிழ்ப்போம்' என்று நல்லமுத்து ஒரு பலகை எழுதப் பார்த்தான், சுதர்ஷினி விடவில்லை. அவள் கொட்டகலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள். ஆய்வுகூடத்தில் காணாமல் போன நுணுக்குக்காட்டி அதிபரின் மச்சான் வீட்டு அலுமாரியில் இருப்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். நுணுக்குக்காட்டி பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியது, அவளால் திரும்ப முடியவில்லை. நல்லமுத்து முன்னாள் பஸ் கண்டக்டர், இந்நாள் ஆட்டோக்காரன், அவளுக்கு உதவியாளன். எந்த உத்தியோகத்திலும் அவன் வாய்க்கு மட்டும் லீவு கிடைத்ததில்லை.

"அழாம மொதல்ல இருந்து சொல்லுங்க," என்றாள் சுதர்ஷினி.

மீனம்மா சொன்னாள். கந்தப்பளைக்கு மேலே ஒரு பழைய துரை பங்களா. அதை வாங்கிச் சுற்றுலா விடுதியாக்கியிருப்பவர் கொழும்பில் முன்னுக்கு வந்த றிச்சர்ட். அவரும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவர்தான். மேடையில் மைக் பிடித்தால் மட்டும் அது அவருக்கு ஞாபகம் வரும். மீனம்மாவின் கணவர் வீரய்யா அங்கே தோட்டக்காரர். புல்வெளி நடுவில் ஒரு வெண்கல மணி தொங்கியது. 'நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தொழிலாளர்களைக் காலையில் வேலைப் பெரட்டுக்கு அழைத்த மணி' என்று மூன்று மொழிகளில் பக்கத்தில் பலகை. சனிக்கிழமை விடுதித் திறப்பு விழா. புதன்கிழமை பொழுது சாயும் நேரம், தோட்டத்து விளக்குகளை முதன்முதலாகப் போட்டுப் பார்த்தார்கள். விளக்குகள் எரிந்தன. மணி மாயமானது.

"நான் பள்ளத்துக்கு இந்தப் பக்கம், லயத்துப் பீலியில தண்ணி புடிச்சிக்கிட்டு இருந்தேங்க. அண்ணாந்து பாத்தா பங்களா செவத்துல ஒரு ஆளு நெழலு. கூரை ஒசரம்! அது மணியத் தூக்குச்சு. அப்புறம் சின்னதாகிச் சின்னதாகி, ஆள் அளவுக்கு வந்து, பொசுக்குனு காணாமப் போயிருச்சு. மறுநாள் பொலிஸ் வந்து லயத்துல எல்லாரையும் விசாரிச்சாங்க. பாத்ததச் சொன்னேன். ஆளு ஒசரமான்னு கேட்டாங்க. ஆமாங்க, கூரை ஒசரம்னேன்."

அந்தத் தோட்டத்தில் எல்லோரையும் விட உயரமானவர் வீரய்யா. கூரை உயரத்தில் ஆள் அகப்படாததால், அதற்கு அடுத்த உயரத்தில் இருந்தவரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது.

"அந்த நேரம் அவரு எங்க இருந்தாரு?"

"மாட்டுக்குப் புல்லறுக்கப் போயிருந்தாருங்க. மாடு மட்டும்தான் சாட்சி."

"மாட்டுக்கும் பொலிஸ் பாஷை தெரிஞ்சிருக்காது," என்றான் நல்லமுத்து. "சரி, அவரு எதுக்கு மணியத் திருடணுமாம்?"

"எங்க ஆளுங்களோட பாரம்பரியமாம், அதனால எடுத்து ஒளிச்சிட்டோமாம். லயத்துல அரிசி வாளியக் கூடக் கவுத்துப் பாத்தாங்க. காலங்காத்தால எழுப்பி மலைக்கு வெரட்டுன சாமான நாங்க எதுக்குங்க திருடணும்? சும்மா குடுத்தாலும் வேணாம்னுதான் சொல்லுவோம்."

"பங்களாவுக்குள்ள தேடுனாங்களா?" சுதர்ஷினி கேட்டாள்.

"பங்களாவுல அவங்க கேக் சாப்புட்டாங்க."

மீனம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நான் சொன்னத வச்சித்தான் புடிச்சாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். வேல போனா வேற வேல தேடிக்கலாம். அவரு மொகத்துல நான் எப்படிங்க முழிப்பேன்?"

நல்லமுத்து இதற்கும் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தான். சுதர்ஷினி ஆட்டோச் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

*

றிச்சர்ட் வாசலிலேயே நின்றார். கழுத்தில் மஃப்ளர், கையில் போன், முகத்தில் துக்கம். துக்கத்தில் பற்கள் எல்லாம் தெரிந்தன.

"டிடெக்டிவா? அதுவும் லேடி டிடெக்டிவா? அருமை! மிஸ், அந்தப் பூச்செடிப் பக்கம் கொஞ்சம் நில்லுங்க, ஒரு போட்டோ. மணி இருந்திருந்தா விழாவுக்கு ஒரு கூட்டம் வந்திருக்கும். மணி காணாமப் போனதால மூணு டீவி வருது!"

"எங்கள வரச் சொன்னது வீரய்யாவோட சம்சாரம்," என்றாள் சுதர்ஷினி.

"யாரு சொன்னா என்ன? போட்டோவுல அதெல்லாம் தெரியாது."

அவருடைய மனைவி சிசிலி விறாந்தையில் இரண்டு சால்வைகளைப் போர்த்துக்கொண்டு நடுங்கியபடி உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமை அந்நேரம் அவள் தேவாலயத்தில் நவநாள் ஜெபத்தில் இருந்தாளாம். றிச்சர்ட் குளித்துக்கொண்டிருந்தாராம். கந்தப்பளைக் குளிரில் பொழுது சாய்ந்த பிறகு குளிக்கும் மனிதரை நல்லமுத்து மரியாதையுடன் பார்த்தான்.

மூன்றாவது ஆள் பிரதாப். கொழும்பிலிருந்து வந்த தோட்ட விளக்கு நிபுணன். பின்னால் குடுமி, முன்னால் தாடி. விளக்குகளைப் போட்டுக் காட்டிவிட்டு, போனுக்கு சிக்னல் தேடிக் கேட்டுக்கு வெளியே போனதாகச் சொன்னான்.

மலைக்குப் பின்னால் வெளிச்சம் வடிந்து, பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறத் தொடங்கியது. பிரதாப் சுவிட்சைத் தட்டினான்.

தோட்டம் திடுக்கிட்டு விழித்தது. சைப்பிரஸ் மரங்களின் காலடியிலிருந்து வெளிச்சம் பாய்ந்து அவற்றை வானம் வரை நீட்டியது. இலை விரித்த மரப்பன்னங்களுக்குப் பச்சை வெளிச்சம், குளத்துக்கு நீல வெளிச்சம், நடைபாதையின் இரு ஓரமும் முழங்கால் உயர விளக்குகள். உறங்கப் போன மைனாக்கள் விடிந்துவிட்டதென்று நம்பி, மறுபடி வேலைக்குக் கிளம்பின. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் லயத்தில் வாசலுக்கு ஒரு பல்ப் மினுங்கியது; சில வாசல்களில் அதுவும் இல்லை.

"லைட் வெளிய தெரியவே கூடாது," என்றான் பிரதாப். "லைட் படுற இடம்தான் தெரியணும். அதுதான் இந்தக் கலையே."

"அப்ப எங்க லயத்து ரோட்டுக்கு லைட் போட்டவரும் உங்ககிட்டதான் படிச்சிருக்கணும்," என்றான் நல்லமுத்து. "லைட்டும் தெரியாது, படுற இடமும் தெரியாது."

மணி இருந்த இடத்தில் வெறும் மரச்சட்டம் நின்றது. அதற்கு நேர் கீழே, புல்லுக்குள் புதைத்த ஒரு விளக்கு மேல்நோக்கி எரிந்தது. பள்ளத்துப் பக்கமாகச் சில அடி தள்ளி இன்னொரு விளக்கு, தரையோடு தரையாக, சட்டத்தைத் தாண்டி பங்களாவின் வெள்ளைச் சுவரைப் பார்த்து எரிந்தது. காலிச் சட்டத்தின் நிழல் சுவரில் பூதாகாரமாக விழுந்தது.

"இந்த லைட் எதுக்குச் செவத்தப் பாக்குது?" சுதர்ஷினி கேட்டாள்.

"அதுதான் நிழல் வேலை. மணி சின்னது, அதோட நிழல் பெருசா செவத்துல விழும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ரோட்டுல போறவங்க கூடப் பார்த்துட்டு நிப்பாங்க."

"அடியில இருக்கிறது?"

"மணிக்குள்ள தங்கம் மாதிரி மின்னுறதுக்கு. அதுவரைக்கும் உள்பக்கம் வெறும் இருட்டு. புதன்கிழம அத மொத மொத போட்டதும் றிச்சர்ட் சேரே குனிஞ்சு உள்ள பார்த்து வாயடைச்சுப் போயிட்டாரு. அவ்வளவு அழகு!"

சுதர்ஷினி புல்லில் குந்தி அந்த விளக்கைப் பார்த்தாள். நல்லமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. அவளை ஓரமாக இழுத்தான்.

"டீச்சர், கேஸ் முடிஞ்சிருச்சு. குடுமிதான் திருடன். போனுக்கு சிக்னல் தேடிப் போனானாம். இங்க எனக்கு நாலு கோடு காட்டுது!"

"உங்க போன் கம்பெனி வேற, அவரு போன் கம்பெனி வேற."

"குடுமி வச்சிருக்கான்."

"அது குற்றமில்ல நல்லமுத்து. போயி அந்தச் செவத்தப் பாக்குற லைட்டுக்குப் பக்கத்துல நில்லுங்க."

நல்லமுத்து ஐந்தடி உயரம், அதுவும் தொப்பியோடு. முணுமுணுத்துக்கொண்டே விளக்குக்கு முன்னால் போய் நின்றான். அடுத்த நொடி அவனுடைய நிழல் சுவரில் எழும்பி, ஜன்னல்களை விழுங்கி, தலை கூரையில் முட்டியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் தன்னையே அண்ணாந்து பார்த்தான்.

"ஐயோ டீச்சர், பொலிஸக் கூப்பிட்டுறாதீங்க! ஒசரத்தப் பாத்தா நான்தான் திருடன்!"

"ஒசரத்தப் பாத்தா யாரு வேணும்னாலும் திருடன்," என்றாள் சுதர்ஷினி. "கிட்ட நின்னா பூனை கூட இந்தச் செவத்துல புலியாத் தெரியும். இப்ப ரெண்டு கையிலயும் மணி இருக்கிறதா நெனச்சுக்குங்க. வீரய்யா மாதிரி லயத்துக்கு ஓடுங்க."

நல்லமுத்து இல்லாத மணியைத் தூக்கிக்கொண்டு, முனகியபடி, விளக்கைத் தாண்டிப் பள்ளத்துப் பக்கம் ஓடினான். விளக்கை நெருங்க நெருங்க நிழல் சுவர் கொள்ளாமல் ஊதியது. அவன் அதைத் தாண்டியதும் சட்டென்று இல்லாமல் போனது.

"சின்னதாச்சா?" என்று கேட்டாள் சுதர்ஷினி.

"இல்ல," என்றாள் சிசிலி. அவள் எப்போது விறாந்தையை விட்டு இறங்கி வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

"இப்பத் திரும்பி வந்து, அந்தச் செவத்தப் பாத்து நடங்க நல்லமுத்து. மெதுவா."

அவன் நடந்தான். கூரையில் இருந்த தலை ஜன்னல் மட்டத்துக்கு இறங்கியது. இன்னும் நடந்தான். நிழல் சின்னதாகிச் சின்னதாகி, சுவரை அவன் தொட்டபோது பழைய ஐந்தடியாகி அவனோடு ஒட்டி நின்றது. அவன் மூக்குக்கு நேரே, சுவரோடு சுவராக வெள்ளை பூசிய ஒரு சின்னக் கதவு இருந்தது.

"ஆள் தூரமாப் போனா ஆள் சின்னதாத் தெரிவான்," என்றாள் சுதர்ஷினி, வகுப்பில் கடைசி வாங்குப் பிள்ளைகளுக்கும் கேட்கிற குரலில். "அதனால, நிழல் சின்னதாச்சுன்னதும் திருடன் லயத்துப் பக்கம் ஓடிட்டான்னு பொலிஸ் முடிவு பண்ணிட்டாங்க. நிழலுக்கு அந்தக் கணக்கு இல்ல. லைட்ட விட்டுச் செவத்துக்குக் கிட்டப் போனாத்தான் அது சின்னதாகும். ஆறாம் வகுப்புப் பாடம். மணியத் தூக்கின ஆள் வெளிய போகல. வீட்டுக்குள்ள வந்திருக்காரு."

எல்லோரும் அந்தச் சின்னக் கதவைப் பார்த்தார்கள்.

"பிரதாப்!" என்று கத்தினார் றிச்சர்ட். "உன்ன நம்பி வீட்டுக்குள்ள விட்டேனே!"

"சேர், அந்தக் கதவுச் சாவி உங்க கிட்டத்தானே இருக்கு," என்றான் பிரதாப் பரிதாபமாக. "நான் பின்னால குசினிப் பக்கமாத்தானே வந்து போறேன்."

நல்லமுத்து குடுமியைப் பார்த்தான், பிறகு மஃப்ளரைப் பார்த்தான். தன்னுடைய சந்தேகத்தை ஓசைப்படாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டான்.

சாவியைக் கொடுக்க றிச்சர்ட்டின் சட்டைப்பை வெகு நேரம் யோசித்தது. கதவுக்குப் பின்னால் ஒரு சின்ன வரவேற்பறை. துரைமார் காலத்துக் கருங்கல் கணப்படுப்பு, அதன் முன்னால் அடுக்கிவைத்த விறகு. எல்லாம் விடுதி விளம்பரத்தில் வந்தபடியே இருந்தன. நெருப்பு மட்டும் இல்லை. அடுப்புக்கு முன்னால் ஒரு சின்ன மின்சார ஹீட்டர் தனியாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தது.

"புகைக்கூண்டு அடைச்சுப் போச்சு," என்றார் றிச்சர்ட், யாரும் கேட்காமலே.

"புதன்கிழம காலையில நல்லாத்தானே எரிஞ்சிச்சு," என்றாள் சிசிலி மெதுவாக. கணவனின் முகத்தை அவள் இப்போதுதான் முழுதாகப் பார்த்தாள். "அன்னைக்கு ராத்திரியில இருந்துதான் நெருப்பு வேணாம்னு சொல்றீங்க. நான் இங்க வெறச்சுப்போய்க் கெடக்குறேன்."

நல்லமுத்து சட்டைக் கையை மடித்துவிட்டு அடுப்புக்குள் தலையை நுழைத்தான். உள்ளேயிருந்து ஒரு தும்மல். பிறகு 'டங்' என்று ஒரு சத்தம். புகைக்கரி மழையோடு சாக்கில் சுற்றிய மணி அவன் மடியில் வந்து இறங்கியது.

சுதர்ஷினி போன் வெளிச்சத்தை மணியின் வாய்க்குள் அடித்தாள். உள்விளிம்பில், வெண்கலத்தோடு வெண்கலமாக வார்த்த எழுத்துகள்: கொழும்பில் ஒரு பாத்திரப் பட்டறையின் பெயர். கீழே அவர்களுடைய கைபேசி எண்.

"நூத்தம்பது வருஷத்துக்கு முந்தியே கைபேசி நம்பர்!" என்றான் கரிமுகத்துடன் நல்லமுத்து. "அந்தக் காலத்துத் துரைமார் எவ்வளவு முன்யோசனையா இருந்திருக்காங்க டீச்சர்!"

றிச்சர்ட் நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கே தெரியாது மிஸ். பழைய சாமான் விக்கிறவன் ஒருத்தன் தலையில கட்டிட்டான். இருட்டுல தொங்குன வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. இவன் அடியில லைட்டப் போட்டான் பாருங்க, பளிச்சுன்னு நம்பர் தெரியுது! சனிக்கிழம வர்றவங்க எல்லாம் கேமராவோட குனிஞ்சு பார்ப்பாங்களே. என் மானம் என்னாகும்?"

"அதுக்கு அந்த ஒரு லைட்ட அணைச்சிருந்தாப் போதுமேங்க," என்றாள் சிசிலி.

அந்த யோசனை றிச்சர்ட்டுக்கு அப்போதுதான் வருகிறது என்பது அவருடைய முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

"வீரய்யாவ நான் புடிச்சுக் குடுக்கல," என்றார் கடைசியில். "பொலிஸ்காரங்க அவங்களாத்தான் கொண்டு போனாங்க."

"நீங்க பக்கத்துல நின்னீங்க," என்றாள் சுதர்ஷினி.

"அவங்க என்கிட்ட ஒன்னுமே கேக்கலயே!"

"கேக் குடுத்த கையோட நீங்களே சொல்லியிருக்கலாம்."

சிசிலி ஒரு சால்வையைக் கழற்றிக் கணவனின் மடியில் போட்டாள். "குளுரும், போத்திக்குங்க. மணியத் தூக்கிட்டு இவங்களோட பொலிஸுக்குப் போங்க. அந்த மனுஷன் வெளிய வராம நீங்க இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

*

ஆட்டோவின் பின்சீட்டில் மடியில் மணியோடு றிச்சர்ட் உட்கார்ந்து வந்தார். ரோட்டில் குழிகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு குழிக்கும் மணி ஒலித்தது. நல்லமுத்து சில குழிகளைத் தேடிப் போய் விழுந்தான்.

பொலிஸ் நிலையத்தில் றிச்சர்ட் சிங்களத்தில் நீளமாகப் பேசினார். ஐயா என்று கெஞ்சும் 'மாத்தயா', 'மிஸ்டேக்' என்ற இரண்டு சொற்களே திரும்பத் திரும்பக் காதில் விழுந்தன. தமிழ் அரைகுறையாகத் தெரிந்த இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மணியைக் கவிழ்த்துப் பார்த்தார். உள்ளேயிருந்த எண்ணைத் தன்னுடைய போனில் அழுத்தினார்.

"ஆமாங்க, மணி செய்யிற பட்டறைதான்," என்றது ஸ்பீக்கரில் ஒரு உற்சாகக் குரல். "எத்தன மணி வேணும்?"

இன்ஸ்பெக்டர் குழப்பத்துடன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழரை," என்றார்.

"அரை மணி செய்யிறதில்லைங்க," என்றது குரல்.

போனை வைத்த இன்ஸ்பெக்டர் றிச்சர்ட்டைப் பார்த்த பார்வையில் கேக்கின் ருசி துளியும் மிச்சமில்லை. றிச்சர்ட்டை உட்காரச் சொல்லிவிட்டு, வீரய்யாவைக் கூட்டிவரச் சொன்னார்.

செய்தி கேட்டு வந்த மீனம்மா உள்ளே வரவில்லை. ரோட்டுக்கு எதிரே, மூடிய கடையொன்றின் தகரத் தாழ்வாரத்தில் தூறலுக்கு ஒதுங்கி நின்றாள். வீரய்யா நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே வந்தார். இரண்டு நாள் தாடி, இடுப்பில் கசங்கிய சாரம். ரோட்டைக் கடந்து அவள் முன்னால் போய் நின்றார். நல்லமுத்து சிரிக்கவைக்க ஒரு பகிடியை எடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கினான்.

"நான்தான்யா சொன்னேன்," என்றாள் மீனம்மா, நிலத்தைப் பார்த்தபடி. "நெழலு கூரை ஒசரம்னு."

"தெரியும். வாசிச்சுக் காட்டுனாங்க."

"கோவமா?"

"பாத்ததத்தானே சொன்ன." வீரய்யா அவள் தலையில் விழுந்திருந்த தூறலைக் கையால் துடைத்துவிட்டார். "நெழலு சின்னதாச்சுன்னு நீ சொன்னதாலதான் நான் வெளிய வந்தேனாம். டீச்சரு சொன்னாங்க. பாதியச் சொல்லிட்டு மீதிய விட்டிருந்தா நான் உள்ளதான்."

வாக்குமூலத்துக்கு நடுவில் மூச்சு வாங்க வாசலுக்கு வந்த றிச்சர்ட் அவர்களைக் கண்டார். தொண்டையைச் செருமினார்.

"வீரய்யா, நடந்தத மனசுல வச்சுக்காத. நாளைக்கு விழா இருக்கு. புல்லு ஒழுங்கா இல்லாட்டி லைட்டுக்கு எடுப்பா இருக்காது. விடியக்காலையிலேயே வந்து வெட்டிரு, என்ன?"

வீரய்யா வாயைத் திறக்குமுன் மீனம்மா திரும்பினாள். இந்தத் தடவை அவள் நிலத்தைப் பார்க்கவில்லை.

"அவரு நேத்து ராப்பூரா தூங்கல தொரை. நாளைக்குத் தூங்குவாரு. புல்லு வளந்தா வளந்துட்டுப் போகுது."

உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டர் றிச்சர்ட்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டாம் தடவை கூப்பிட்டபோது குரலில் 'மிஸ்டர்' இல்லை.

சுதர்ஷினி முன்னால் போய் நல்லமுத்துவின் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். வீரய்யா நன்றாகக் குனிந்து ஆட்டோவின் பின்சீட்டில் ஏறி, மீனம்மா உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.